பழைய கார் எஞ்சின் சூடேறாமலே ஓடுகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழிகாட்டி

எஞ்சின் கொதித்தால் எல்லோரும் பதறுகிறோம். டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்துக் கிடந்தால் "நல்லா கூலா ஓடுது" என்று நிம்மதியாக விட்டுவிடுகிறோம். பழைய கார் வாங்கிப் புதிதாக வேலை பழகுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். குளிர்ந்து ஓடும் எஞ்சின் நடுவழியில் நிற்காது. அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

உள்ளே நடப்பது என்ன? சிலிண்டர் சுவர் போதிய சூட்டில் இல்லாதபோது பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சுவரில் படிகிறது. அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலோடு கலக்கிறது. எரிப்பில் உண்டாகும் நீராவியும் கிராங்க்கேஸில், அதாவது ஆயில் இருக்கும் எஞ்சின் அடிப்பகுதியில், நீராகத் தங்கிவிடுகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். பெட்ரோலும் நீரும் கலந்த ஆயிலில் ஓடும் பேரிங்கும் சிலிண்டரும் சீக்கிரம் தேய்கின்றன.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா, முள் தவறாகக் காட்டுகிறதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஒரே பழுதுக்கு இரண்டு தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மாற்றியவரைப் பார்த்திருக்கிறேன். அவருடைய பழுது, கூலன்ட்டின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரின் மரையில் இருந்தது.

1. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு சூடு சரி?

காரின் கையேட்டை எடுத்து, தெர்மோஸ்டாட் எந்த வெப்பநிலையில் திறக்க வேண்டும் என்று பாருங்கள். இங்கே நான் சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ். பழைய கார்களில் பெரும்பாலும் 71, 82, 88, 91 என்ற எண்களில் ஒன்று இருக்கும். கையேடு பாரன்ஹீட்டில் இருந்தால் 160 என்பது 71, 180 என்பது 82, 195 என்பது 91. வழக்கமான ஓட்டத்தில் எஞ்சின் இந்த எண்ணை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நிற்க வேண்டும்.

ஒரே எஞ்சினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கலாம். மினி, மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் வந்த பி.எம்.சி. ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு வழக்கமானது 82, வெப்பமான ஊர்களுக்கு 74, குளிர்ப் பகுதிகளுக்கு 88. முந்தைய உரிமையாளர் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருந்தால் முள் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அது பழுது இல்லை, தேர்வு.

மிகப் பழைய கார்களில் 71 டிகிரியும் அதற்குக் கீழேயும் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கூலன்ட் உறையாமலிருக்க ஆன்டிஃப்ரீஸாக ஆல்கஹால் ஊற்றினார்கள். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்துவிடும் என்பதால் எஞ்சினைக் கீழே வைத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எத்திலீன் கிளைகால் ஊற்றும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ போன்றவற்றில் தொழிற்சாலையிலிருந்தே தெர்மோஸ்டாட் கிடையாது. உங்கள் கார் அந்த வகை என்றால் இல்லாததைத் தேடி மெனக்கெட வேண்டாம். மேல் ஹோஸுக்குள் உட்காரும் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதுதான் அவற்றுக்குப் பலரும் செய்யும் தீர்வு.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மல்டிமீட்டரில் செருகும் ஒயர் வகை மிக நல்லது. தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் வகையும் போதும், ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் இருக்கிறது, 4-ஆம் படியில் சொல்கிறேன். கூடவே மல்டிமீட்டர், கறுப்பு இன்சுலேஷன் டேப், ஸ்பேனர்கள், உப்புத்தாள், வயர் பிரஷ், கூலன்ட் பிடிக்க அகலமான பாத்திரம், பழைய துணி, ஒரு நோட்டு, பேனா.

தெர்மோஸ்டாட் ஹௌசிங்கை (தெர்மோஸ்டாட் உட்காரும் உலோக உறை) திறக்கும் நாளில், அதன் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் புதிதாக ஒன்று கையில் இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட் கிழியாமல் வந்தால் அது அதிர்ஷ்டம்.

காரை இரவு முழுக்க நிறுத்தி, முழுதாக ஆறிய எஞ்சினோடு காலையில் தொடங்குங்கள். சூடேறும் விதத்தைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். பாதிச் சூட்டில் தொடங்கினால் முக்கியமான முதல் பத்து நிமிடம் கையைவிட்டுப் போய்விடும்.

3. கூலன்ட் அளவு

எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடான எஞ்சினில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முள் கீழே இருக்கிறதே என்று நம்பித் திறந்துவிடாதீர்கள். அந்த முள்ளைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம்.

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்சாரின் முனை கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். அளவு குறைந்தோ காற்று அடைத்தோ முனை வெளியே தெரிந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூட முள் கீழே நிற்கும். அதாவது "குளிர்ச்சி" என்று தெரிவது உண்மையில் ஓவர்ஹீட்டாக இருக்கலாம். அளவு குறைந்திருந்தால் நிரப்பி, எங்கே போனது என்று கசிவைத் தேடிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

4. முள் சொல்வது உண்மையா?

தெர்மோஸ்டாட் ஹௌசிங்குக்கு எஞ்சின் பக்கம், சென்சார் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உலோகத்தின் மேல் ஒரு சிறு துண்டு கறுப்பு டேப் ஒட்டுங்கள். இன்ஃப்ராரெட் கருவியை டேப்பின் மேல் பிடித்து, ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து அளக்க வேண்டும். பளபளப்பான அலுமினியத்திலும் பித்தளையிலும் நேரடியாக அளந்தால் இருப்பதைவிட வெகு குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்களாக விடுகிறது. இந்த ஒரு டேப் துண்டு இல்லாததால் "எஞ்சின் 50 டிகிரிதான்" என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

ஒயர் வகை என்றால் அதன் முனையை உலோகத்தோடு ஒட்டி, மேலே துணி வைத்துக் கட்டுங்கள். காற்று பட்டால் அளவு குறையும்.

வெளியே அளப்பது உள்ளே இருக்கும் கூலன்ட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே வரும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருபது நிமிடம் காரை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் உடனே அளங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள காரில் டேப்பின் மேல் 78, 80 என்று வந்து, முள் மட்டும் அடியில் கிடந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. நேராக 7-ஆம் படிக்குப் போங்கள். டேப்பின் மேலும் 55, 60 தான் வருகிறது என்றால் முள்ளைக் குறை சொல்லாதீர்கள், எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது. வரிசையாக மேலே படியுங்கள்.

5. மேல் ஹோஸ் சோதனை

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. ஒரு பாகமும் கழற்ற வேண்டாம், கை மட்டும் போதும். அதனால்தான் பலர் இதை அவசரமாகச் செய்து கெடுக்கிறார்கள்.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சோக்கைத் தேவைக்கேற்ப விட்டு, சீராக ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் ஹௌசிங்கிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ஹோஸை, ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள முனையில் பிடியுங்கள். சட்டைக் கை, துப்பட்டா, தளர்ந்த முடி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் என்றால் அது எந்த நொடியும் சுற்றத் தொடங்கும்.

நல்ல தெர்மோஸ்டாட் என்றால் நடப்பது இதுதான்: எஞ்சின் பக்கம் உலோகம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், ஹோஸின் ரேடியேட்டர் முனையோ ஜில்லென்றே இருக்கும். நிமிடங்கள் போகும். அப்புறம் ஒரு கட்டத்தில், ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஹோஸ் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். வால்வு திறந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியில் டேப்பின் மேல் என்ன வெப்பநிலை என்று நோட்டில் எழுதுங்கள்.

தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தாலோ, உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டாலோ இந்தத் திடீர் மாற்றம் வராது. ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஹோஸ் வெதுவெதுப்பாகி, எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறும். நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் பக்கமும் ஹோஸும் அளந்து எழுதினால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு எண்களும் ஆரம்பத்திலிருந்தே கைகோத்து ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஹௌசிங்கை ஒட்டிய முனையில் ஹோஸைப் பிடித்தால் உலோகத்தின் சூடே கையில் படும். "உடனே சூடாகிறது, தெர்மோஸ்டாட் போச்சு" என்று தோன்றும். ரேடியேட்டர் முனையில்தான் பிடிக்க வேண்டும். அடுத்தது, பல தெர்மோஸ்டாட்களில் காற்று வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே கொஞ்சம் கூலன்ட் எப்போதும் கசியும். அதனால் ஹோஸ் லேசாக வெதுவெதுப்பாவது இயல்பு. நாம் தேடுவது அந்தத் திடீர்த் தாவலை.

6. எந்த ஓட்டத்தில் குளிர்கிறது?

நின்ற இடத்தில் செய்த சோதனையோடு நிறுத்தாமல் சாலையிலும் பாருங்கள். நகர நெரிசலில் சூடு சரியாக இருந்து, வேகமாகப் போகும்போது முள் இறங்கினால் தெர்மோஸ்டாட் முழுதாக மூடவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று அதிகம். நல்ல தெர்மோஸ்டாட் அப்போது வாயைச் சுருக்கி எஞ்சினைக் காக்கும். மூட முடியாத தெர்மோஸ்டாட்டால் அது முடியாது.

எந்த ஓட்டத்திலும், எவ்வளவு நேரமானாலும் ஒரே மாதிரி அடியில் கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லாமலே இருக்கலாம், அல்லது கேஜ் (முள் இருக்கும் மீட்டர்) பழுதாக இருக்கலாம். நடுநடுவே குதித்துக் குதித்து இறங்கி ஏறினால் ஒயர் இணைப்பைப் பாருங்கள். கூலன்ட்டின் வெப்பநிலை ஒரு நொடியில் 30 டிகிரி மாறாது.

7. முள்தான் தவறு என்றால்

முதலில் உங்கள் கேஜ் எந்த வகை என்று பாருங்கள். பின்பக்கம் ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் எஞ்சின் வரை போனால் அது கேபிலரி வகை. அதற்கு மின்சாரம் வேண்டாம். குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் முள்ளை நகர்த்துகிறது. எஞ்சின் பக்க முனையைக் கழற்றி, தெர்மாமீட்டர் வைத்த வெந்நீரில் முக்கி, இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். முள் அசையவே இல்லை என்றால் திரவம் வெளியேறிவிட்டது. கழற்றும்போது மிகுந்த கவனம் வேண்டும்: நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகினால் உடைந்துவிடும், அதோடு கேஜும் போச்சு. நட் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

எலக்ட்ரிக் வகையில் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அதனால் வழியில் எங்கே கூடுதல் தடை வந்தாலும் முள் "குளிர்ச்சி" என்றே காட்டும். களிம்பு ஏறிய முனை, பாதி அறுந்த ஒயர், பெயின்ட் படிந்த எர்த், எல்லாமே எஞ்சினைக் குளிராகக் காட்டும்.

இக்னிஷனை ஆன் செய்து, சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். முள் அடிக்குப் போக வேண்டும். பிறகு அந்த ஒயரை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். முள் சூடு பக்கம் கிளம்பினால் உடனே ஒயரை எடுத்துவிடுங்கள். கடைசி வரை ஓட விட்டால் கேஜ் கெடும். முள் மெதுவாகக் கிளம்பினால் பதற வேண்டாம், பழைய பைமெட்டல் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) கேஜ்கள் அப்படித்தான். முள் கிளம்பினால் ஒயரும் கேஜும் நன்றாக இருக்கின்றன, சென்சாரைச் சந்தேகப்படுங்கள். சில மிகப் பழைய கார்களில் இக்னிஷன் அணைந்திருக்கும்போதே முள் சூடு பக்கம் நிற்கும். அவை எதிர்மாறாக வேலை செய்பவை, இந்தச் சோதனையை அவற்றில் செய்யாமல் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

ஒரே ஒயர் வரும் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. முதலில் சொன்ன அந்த இரண்டு தெர்மோஸ்டாட் கதை இங்கேதான் முடிந்தது: கசிவு வரக் கூடாதென்று மரையில் டெஃப்ளான் டேப்பைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். சென்சாரின் உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓம் அளந்தபோது எண் நிலையாக நிற்கவே இல்லை. டேப்பை உரித்து, மரையைத் துடைத்து மாட்டியதும் முள் நடுவில் போய் நின்றது.

பெட்ரோல் முள்ளும் வழக்கத்தைவிடக் கீழே காட்டுகிறதா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். பல பிரிட்டிஷ் கார்களில் அது சராசரியாக 10 வோல்ட் தரும். பழைய பைமெட்டல் ஸ்டெபிலைசர் விட்டு விட்டு மின்சாரம் தருவதால் டிஜிட்டல் மீட்டரில் எண் தாவும். முள் உள்ள மீட்டர் இருந்தால் நல்லது. இரண்டு முள்ளும் சேர்ந்து தாழ்ந்தால் எஞ்சினில் ஒரு ஸ்பேனரும் வைக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள பழைய கார்களில் கேஜுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொன்று. பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்ஷன் முறையில் அந்த இரண்டாவது சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும் 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். அதன் இணைப்பில் களிம்பு ஏறினால் எஞ்சின் சூடாக இருந்தும் கம்ப்யூட்டர் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். முள் சரியாகக் காட்டும், பிளக் மட்டும் கரியாகும்.

8. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது

எஞ்சின் உண்மையிலேயே குளிர்கிறது, ஹோஸ் சோதனையும் அதையே சொல்கிறது என்றால் இப்போது ஹௌசிங்கைத் திறக்கலாம். கூலன்ட்டை ஹௌசிங்குக்குக் கீழே இறங்கும் வரை மட்டும் வடியுங்கள். வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அது கொடிய விஷம்.

ஹௌசிங் போல்ட்டுகள் அலுமினியத்துக்குள் இறுகிப் போயிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். போல்ட் ரப்பர் மாதிரி இழுபடுவதாகத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள், அடுத்த கால் சுற்றில் அது முறிந்துவிடும். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி முயற்சி செய்ய வேண்டும்.

திறந்ததும் உடனே எதையும் பிடுங்காமல், இருக்கும் நிலையைப் படம் எடுங்கள். ஒருமுறை நான் திறந்த ஹௌசிங்கில் மேலிருந்து பார்க்கத் தெர்மோஸ்டாட் இருந்தது. நெம்பி எடுத்தால் கையில் வந்தது ஒரு பித்தளை வளையம் மட்டும். யாரோ வால்வையும் ஸ்பிரிங்கையும் ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, விளிம்பைத் திரும்ப வைத்து மூடியிருக்கிறார். அறுத்த இடத்தில் பல் தடங்கள் இருந்தன, அவற்றின் மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. எஞ்சின் எத்தனையோ வருடமாக அப்படியே ஓடியிருக்கிறது. என்றோ ஒருநாள் அடைத்துப்போன ரேடியேட்டரால் வந்த கொதிப்புக்கு அது ஒருவர் கண்ட வைத்தியம். உங்கள் காரிலும் தெர்மோஸ்டாட் இல்லை என்றால், புதிதாகப் போட்ட பிறகு ரேடியேட்டர் அடைப்பு வெளிப்படலாம் என்று எதிர்பார்த்து முதல் சில நாள் முள்ளைக் கவனமாகப் பாருங்கள்.

முழுத் தெர்மோஸ்டாட் இருந்தால் மூன்றைப் பாருங்கள். வால்வு முழுதாக மூடியிருக்கிறதா, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் கோடு தெரிகிறதா? வால்வின் உதட்டில் துரு, கேஸ்கெட் துண்டு, சீலன்ட் பிசிறு ஏதாவது சிக்கியிருக்கிறதா? விளிம்பின் விட்டம் ஹௌசிங்கின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதா? விட்டம் சிறிதாக இருந்தால் மூடிய வால்வைச் சுற்றிக்கொண்டு கூலன்ட் ஓரமாகப் போய்விடும். தெர்மோஸ்டாட் நல்லதாகவே இருக்கும், எஞ்சின் குளிர்ந்தே ஓடும்.

9. வெந்நீரில் சோதிப்பது

சமையலுக்கு இனி பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டையும் தெர்மாமீட்டரையும் அடியைத் தொடாமல் தொங்க விடுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடு, அதைத் தொட்டால் சீக்கிரம் திறந்துவிடும்.

தொங்க விடுவதற்கே ஒரு நல்ல உத்தி: வால்வை விரலால் சற்றுத் திறந்து, ஒரு நூலை அதன் உதட்டில் வைத்து மூட விடுங்கள். நூலைப் பிடித்துத் தெர்மோஸ்டாட்டைத் தூக்கினால் அந்தப் பிடியிலேயே தொங்கும். தண்ணீர் சூடேறி வால்வு திறக்கத் தொடங்கிய கணம் நூல் நழுவி, தெர்மோஸ்டாட் "டொக்" என்று விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதுதான் திறக்கும் வெப்பநிலை. கண்ணால் உற்றுப் பார்ப்பதைவிட இது துல்லியம். நூல் நிற்காமல் ஆரம்பத்திலேயே நழுவினால் வால்வு மூடுவதே இல்லை, சோதனை அங்கேயே முடிந்தது.

தண்ணீரை மெதுவாகச் சூடாக்குங்கள், கலக்கிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட்டின் மேல் முத்திரையிட்ட எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறந்தால் சரி. முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி ஆகும். 88 டிகிரி தெர்மோஸ்டாட் கொதிநீரிலும் முழுதாகத் திறக்காமல் நிற்கலாம், அது பழுது இல்லை.

பலர் இத்தோடு எடுத்துவிடுகிறார்கள். நமக்குத் தேவை அடுத்த பாதி: அடுப்பை அணைத்து, ஆறும்போது வால்வு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்து ஓடும் எஞ்சினின் பழுது பெரும்பாலும் மூடுவதில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன்னால் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். பதினைந்து நிமிட வேலைதான், இரண்டாம் முறை கூலன்ட் வடிப்பதைத் தவிர்க்கும்.

10. தெர்மோஸ்டாட் நல்லது, ஆனாலும் குளிர்கிறது

இங்கே ஒரு விதியை மனதில் வையுங்கள்: எஞ்சின் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். அது சரியாக மூடினால், பெரிய ரேடியேட்டரோ எப்போதும் சுற்றும் ஃபேனோ எஞ்சினை அதிகம் குளிர்விக்க முடியாது. ஆகவே ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால், தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக்கொண்டு கூலன்ட் போகும் வேறு வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் அதிகம் கண்டது ஹீட்டர் ஹோஸ். ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸ் வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கம் போக வேண்டும். எஞ்சின் மாற்றிய கார்களில் அதை வசதிக்காக ரேடியேட்டரில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் கூலன்ட் ஹீட்டர் வழியே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். ஹீட்டர் ஹோஸைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் போட்டு அடைத்து ஓட்டிப் பாருங்கள். சூடு ஏறினால் வழி அதுதான்.

தெர்மோஸ்டாட்டின் காற்றுத் துளையை யாராவது பெரிதாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2, 3 மிமீ போதும். கூலன்ட் வேகமாகச் சுற்றட்டும் என்று நான்கு ஐந்து துளை போட்டால் அது பாதி திறந்த தெர்மோஸ்டாட்தான்.

சென்சார் இருக்கும் இடமும் ஒரு காரணமாகலாம். ரேடியேட்டர் பக்கத்துக்கு மாற்றப்பட்ட சென்சார் குளிர்ந்த கூலன்ட்டைத்தான் அளக்கும். கடுங்குளிரில், இறக்கத்தில், ஹீட்டர் முழுதாக ஓடும்போது முள் சற்று இறங்குவது இயல்பு. அதற்கென்று எதையும் மாற்ற வேண்டாம்.

11. திரும்பப் பொருத்துவது

இரு முகங்களையும் வழவழப்பாகச் சுரண்டித் துடையுங்கள். துருத் துகள் உள்ளே விழாமல் ஓட்டையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், மறக்காமல் எடுத்துவிடுங்கள். மெழுகு நிரம்பிய உருளைப் பகுதி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். சூட்டை உணர்வது அதுதான். காற்றுத் துளை மேல்பக்கம் வர வேண்டும்.

விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நழுவிய நிலையில் போல்ட்டை இறுக்கினால் ஹௌசிங்கின் காது உடையும். எத்தனையோ நல்ல ஹௌசிங்குகள் இப்படித்தான் போயின. சீலன்ட் போட்டால் மெல்லிய பூச்சு மட்டும். உள்ளே பிதுங்கும் பிசிறுதான் நாளைக்கு வால்வில் சிக்கும்.

கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் வால்வு திறந்திருக்கட்டும், காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள், காற்று குமிழியாக வரும். மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து அளவு இறங்கும் வரை காத்திருந்து நிரப்புங்கள். காற்றைச் சரியாக எடுக்காவிட்டால் சென்சார் முனையில் குமிழி தங்கி, முள் மறுபடி அடியில் கிடக்கும். வேலை வீணாகிவிட்டதோ என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள்.

12. காற்றில் குளிரும் எஞ்சின்கள்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றிலும் தெர்மோஸ்டாட் உண்டு. சிலிண்டர்களுக்குக் கீழே துருத்தி போன்ற ஒரு சிறு டப்பா, அது 65 முதல் 70 டிகிரியில் விரிந்து, ஃபேன் உறைக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளைத் திறக்கும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது இவற்றைக் கழற்றிப் போட்டுவிடுவது சகஜம். அப்புறம் முதல் நொடியிலிருந்தே முழுக் காற்றும் அடிக்கும், எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும். ஆறிய எஞ்சினில் தகடுகள் இருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா, டப்பாவையும் தகடுகளையும் இணைக்கும் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

13. சரியானதும் ஆயிலை மாற்றுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்தே ஓடிய நாட்களில் சேர்ந்த பெட்ரோலும் நீரும் இன்னும் ஆயிலில்தான் இருக்கின்றன. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் துடைத்து விடுங்கள்.

கார்புரேட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று யாராவது கலவையை அதிகமாக்கி வைத்திருப்பார்கள். கூலன்ட் சூட்டில் வேலை செய்யும் ஆட்டோமேட்டிக் சோக் இருந்தால் அதுவும் இப்போதுதான் முழுதாகத் திறக்கும். பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்டி, எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ட்யூனிங் செய்யுங்கள்.

இரண்டு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள், அதில் அரை மணி நேரத்துக்குக் குறையாத சில ஓட்டங்களாவது இருக்கட்டும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியை மறுபடி கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் வெறும் ஆயில் மினுமினுப்பு மட்டும் இருந்தால் நோட்டில் தேதியும் டேப்பின் மேல் அளந்த எண்ணும் எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.